டைகர் யாரு சொன்னா கேக்கும்?

*குழு: குடும்பம் (கருங்கல் – குலசேகரம் – அருமனை)*

ஞாயிறு

[மாலை 6:12] குலசேகரம் அண்ணன்: எக்கா, புதுசா வந்த நாய் டைகர் இன்னைக்கும் உறுமிட்டு. சாரல் அடிக்குதேன்னு இவ சோத்துச் சட்டியத் திண்ணைக்கு ஏத்தி வைக்கப் போனா. பல்லக் காட்டிட்டு நிக்கு. கடிக்கல்ல.

[6:13] குலசேகரம் மைனி: கடிக்கல்லன்னு எளுப்பமா சொல்லுதாவ. எனக்குக் கை வெறயல் இன்னும் நிக்கல்ல. பாப்பா வேற பக்கத்துல நின்னா.

[6:15] கருங்கல் மாமா: ரெண்டு நாளு பட்டினி போடு. பொறவு நீ கையில எடுத்துக் குடுத்தாத்தான் சோறுன்னு அதுக்குத் தெரியும். எஜமான் யாருன்னு காட்டாட்டா நாய் தலையில ஏறிரும்.

[6:16] கருங்கல் மாமா: மார்த்தாண்டம் பக்கம் ஒருத்தன் நாய் பழக்குதான். முள்ளு வச்ச பட்டையக் கழுத்துல போட்டு ஒரு இழு. பெட்டிப்பாம்பா அடங்கும். நம்பர் வேணும்னா தாறேன்.

[6:31] அருமனை அக்கா: தம்பி, பட்டினியும் போடாத, பட்டையும் போடாத. மாமா கோவிக்காதுங்க, விளக்கமா சொல்லுதேன்.

[6:31] அருமனை அக்கா: உறுமினதுக்கு அடிச்சியா?

[6:32] குலசேகரம் அண்ணன்: இல்லக்கா. ஒரு அதட்டு அதட்டினேன்.

[6:40] அருமனை அக்கா: இனி அதட்டவும் வேண்டாம். உறுமல்தான் அதுக்குள்ள பேச்சு. "பக்கத்துல வராத, எனக்குப் பயமா இருக்கு"ன்னு மரியாதையாச் சொல்லுது. அத அடிச்சு நிறுத்தினா சத்தந்தான் போகும், பயம் உள்ளயே கெடக்கும். பொறவு சொல்லாமக் கடிக்கும். ஆசுபத்திரியில நாய்களோட வாறவங்ககிட்ட எத்தன வருசமாக் கேட்டுட்டு இருக்கேன். "ஒரு அடையாளமும் காட்டாமக் கடிச்சிட்டு"ம்பாங்க. தோண்டிக் கேட்டா, முந்தி உறுமிச்சு, நாங்க அடிச்சு நிறுத்திட்டோம்னு வரும்.

[6:44] அருமனை அக்கா: அதுக்க கதைய யோசிச்சுப் பாருங்க. மூணு வருசம் ஒரு வீட்டுல செல்லமா வளந்தது. அவுக துபாய்க்குப் போயாச்சு. நாய்க்கு துபாய் தெரியுமா? ஒருநாள் காலம்பற பழகின ஆளு இல்ல, பழகின மணம் இல்ல, வேற ஒரு மாமரத்து மூட்டுல துடல்ல, சங்கிலியில கட்டிக் கெடக்கு. இப்ப அதுக்குச் சொந்தம்னு உள்ளது அந்தச் சோத்துச் சட்டி ஒண்ணுதான். அதையும் ஒரு கை வந்து எடுத்தா?

[6:46] திங்கள்சந்தை சித்தி: பாவம் சவம் 😔

[6:52] கருங்கல் மாமா: பாவம் பாத்தா பிள்ளைக்குத்தான் கடி. நாய்னா ஓநாய் வம்சம். கூட்டத்துக்கு ஒரு தலைவன் உண்டு, அடிச்சு ஜெயிச்சவன்தான் தலைவன். அதுதான் அதுகளுக்க நியாயம்.

[7:05] நான்: மாமா, அந்தக் கதை கிளம்பின எடம் வேற. 1947ல ருடால்ஃப் ஷெங்கல்னு ஒருத்தர், மிருகக்காட்சி சாலையில அடைச்சுப் போட்ட ஓநாய்களப் பாத்து எழுதினது. டேவிட் மெக்னு அமெரிக்கக்காரர் 1970ல எழுதின புத்தகத்தால அது ஊரெல்லாம் பரவிச்சு. பொறவு அதே மெக் காட்டுக்குள்ள வருசக்கணக்கா ஓநாய்களப் பாத்துட்டு, 1999ல தானே திருத்தி எழுதினாரு. காட்டுல ஓநாய்க் கூட்டம்னா பெரும்பாலும் ஒரு அப்பன், ஒரு அம்மை, அவுக குட்டிங்க. அவ்வளவுதான். சண்ட போட்டுத் தலைமைக்கு வாற கதையெல்லாம் கூண்டுல அன்னிய ஓநாய்கள ஒண்ணாப் போட்டதுல வந்தது.

[7:09] கருங்கல் மாமா: சரி. அப்பன்னா பிள்ள சொல்லு கேக்கண்டாமா?

[7:14] அருமனை அக்கா: கேக்கணும் மாமா. நீங்க எங்கள ஒருநாளும் கைநீட்டி அடிச்சதில்ல. ஆனா நீங்க படிப்புர ஏறுற சத்தம் கேட்டா நாங்க அத்தன பேரும் எழும்பி நிப்போம். அடிக்கு எழும்பினதா அது? டைகருக்கும் தம்பிமேல அந்த மாதிரி ஒரு மதிப்பு வரணும்னுதான் நான் சொல்லுதேன்.

[7:20] கருங்கல் மாமா: ம்.

[8:02] அருமனை அக்கா: தம்பி, இதப் பத்திரமா வச்சுக்க. மைனிகாரியும் படிக்கணும்.

சோறு வச்சாச்சுன்னா சட்டியத் தொடாத. மழைன்னா முதல்லயே திண்ணையில வை. அது தின்னுட்டு நிக்கும்போ ரெண்டு பாகம் தள்ளி நின்னு, அவிச்ச சாளை மீன்ல முள்ளெடுத்து ஒரு துண்டு சட்டிப் பக்கமாப் போட்டுட்டு நீ போயிரு. நிக்காத, பாக்காத. ஆளு வந்தா சோறு போகாது, கூடுதலா வரும்னு அதுக்கு ஓர்மையில நிக்கணும். தலையத் தூக்கி உன்னப் பாத்து வாலு ஆட்ட ஆரம்பிச்சா பொறவு ஒரு அடி கிட்ட போ. உப்புக் கருவாடு குடுக்காத. உள்ளி போட்ட மீன்குழம்பும் வேண்டாம், நாய்க்கு உள்ளி ஆகாது.

சாயங்காலம் மரத்து மூட்டுல அதுக்கு முதுகு காட்டாம, சரிஞ்ச மாதிரி இருந்து பத்திரிகை வாசி. கூப்பிடாத. அதுவா வந்து மணத்திப் பாக்கட்டு. தலைக்கு மேல கையக் கொண்டு போகாத, அது அடிக்க ஓங்குற மாதிரி. நெஞ்சுலயோ தாடைக்குக் கீழயோ பைய தடவு. மூணு எண்ணிட்டுக் கைய எடு. அது இன்னும் நெருங்கி வந்தா மறுபடி தடவு. மூஞ்சியத் திருப்பினா விட்டுரு. இதுதான் முக்கியம், கேட்டியா? அதுக்கு வேண்டாம்னா நீ நிறுத்துவன்னு தெரிஞ்சா, நீ வேண்டாம்னு சொல்லும்போ அதும் நிறுத்தும்.

[8:04] குலசேகரம் மைனி: மைனி, உறுமுறதுக்கு முன்னால எனக்கு எப்படித் தெரியும்? பிள்ள உள்ள வீடாக்கும்.

[8:11] அருமனை அக்கா: நல்ல கேள்வி மக்களே. ஒறக்கம் இல்லாமலே கொட்டாவி விடும். தீனி ஒண்ணும் இல்லாம நாக்க வச்சு மூக்க நக்கும். முகத்த ஒரு பக்கம் வச்சுட்டுக் கண்ண மட்டும் உன் பக்கம் சரிக்கும், அப்ப வெள்ள முழி பிறை மாதிரித் தெரியும். ஒடம்பு கம்பு மாதிரி வெறைச்சு நின்னா வாலு ஆடினாலும் நம்பாத. இதுல எதப் பாத்தாலும் நீ ஒரு அடி பின்னால வை. நீ பேடிச்சு ஓடுறதா அது நினைக்காது. அதுக்க பேச்ச நீ கேட்டன்னு நினைக்கும்.

பாப்பாவ அதுகூட தனியா விடக்கூடாது. திங்கும்போ, ஒறங்கும்போ கிட்டப் போகவே கூடாது. இதுல பாசம் கீசம் ஒண்ணும் கிடையாது, கண்டிப்பா இருக்கணும்.

[8:15] திங்கள்சந்தை சித்தி: ஜப்பான்ல ஏதோ கண்ணப் பாத்தா நாய்க்குப் பாசம் வரும்னு கண்டுபிடிச்சாங்கன்னு எங்க வீட்டுப் பய சொல்லுதான். அப்ப கண்ணப் பாக்கலாமா கூடாதா?

[8:22] நான்: சித்தி, அது 2015ல வந்த ஆராய்ச்சி. நாயும் வளக்குற ஆளும் ஒரு அறைக்குள்ள அரைமணி நேரம் இருந்தாங்க. அதுல ரொம்ப நேரம் கண்ணோட கண்ணு பாத்த சோடிகளுக்கு ஆக்ஸிடோசின் கூடிச்சு, ஆளுக்கும் நாய்க்கும் ரெண்டு பேருக்குமே. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒட்டுதல் உண்டாக்குற சுரப்பு அது. மனுசன் வளத்த ஓநாய்ங்கள வச்சுப் பாத்ததுல அப்படி ஒண்ணும் இல்ல.

[8:25] அருமனை அக்கா: அது பழகின நாய். டைகர நீ மொறைச்சுப் பாத்தா அதுக்குச் சண்டைக்குக் கூப்பிட்ட மாதிரி. அதுவா கண்ணத் தூக்கிப் பாக்குற ஒரு நாள் வரும். அப்ப பைய கண்ணச் சிமிட்டிட்டு நீயும் பாரு.

[8:40] கருங்கல் மாமா: பட்டை போட்டா ஒரு வாரத்துல காரியம் முடியும். இது எந்தக் காலத்துல முடிய?

[8:47] நான்: மாமா, போர்ச்சுகல்ல நாய்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்த 92 வீட்டு நாய்கள வச்சுப் பாத்தாங்க, 2020ல. சங்கிலிய வெட்டி இழுக்குறது, அதட்டுறதுன்னு பழக்கின நாய்களுக்கு எச்சில்ல பயச் சுரப்பு பயிற்சிக்குப் பொறவு கூடி நின்னுது. தீனி குடுத்துப் பழக்கினதுக்கு அப்படி இல்ல.

[8:50] அருமனை அக்கா: அடங்கினது வேற, நம்பினது வேற மாமா. நம்ம வீட்டுல சின்னப் பிள்ள இருக்கு. எனக்கு நம்பின நாய்தான் வேணும்.

வியாழன்

[காலை 7:38] குலசேகரம் அண்ணன்: எக்கா, சோத்துக்கு இப்ப உறுமல்ல. நான் திண்ணைக்கு வந்தாலே சாளை எங்கன்னு கையப் பாக்கு. ஆனா வெளுப்பான்காலம் ரப்பர் பால்வெட்டுக்குத் தலையில லைட்டு கட்டினா ஒரே குரை. ஊரே எழும்பிருது.

[7:50] அருமனை அக்கா: ஆளுக்க முகம் தெரியாது, நெற்றியில ஒரு வெளிச்சம் மட்டும் வருது. பயப்படாதா? லைட்ட எரிய வச்சுத் தரையில வை. மணத்திப் பாக்கட்டு. பக்கத்துல ரெண்டு துண்டு மீனு போடு. அது முன்னால வச்சே தலையில கட்டு, கட்டிட்டுப் பேசு. உன் சத்தம் கேக்கணும்.

வெள்ளி

[காலை 8:10] குலசேகரம் அண்ணன்: லைட்டப் போயி மணத்திச்சு. சூடு மூக்குல பட்டிருக்கும்போல, ரெண்டு தும்மல். பொறவு சுத்திச் சுத்தி வந்து அதுக்குப் பக்கத்துலயே படுத்துட்டு. நான் தலையில கட்டினப்போ ஒருக்கா குரைச்சுது, "டைகரே, நாந்தான்லே"ன்னேன், நிறுத்திட்டு. துடலோட கொண்டு போனேன். நான் வெட்டி முடிச்சு அடுத்த மரத்துக்குப் போவேன், அதும் வரும். நிப்பேன், நிக்கும். சிரட்டையில ஒண்ணக்கூடத் தட்டல்ல.

[8:14] திங்கள்சந்தை சித்தி: கொள்ளாமே!

[8:20] அருமனை அக்கா: அது உன்னத் திரும்பித் திரும்பிப் பாத்துதா?

[8:21] குலசேகரம் அண்ணன்: ஆமா. ஒவ்வொரு மரத்துக்கும்.

[8:24] அருமனை அக்கா: அப்படிப் பாக்கும்போ எல்லாம் "நல்ல பிள்ள"ன்னு ஒரு சொல்லு சொல்லு. அந்த நொடியே சொல்லணும், தாமசிச்சா எதுக்குன்னு அதுக்குத் தெரியாது. வீட்டுல எல்லாரும் ஒரே சொல்லு சொல்லுங்க. நீ "இரு"ன்னு, பாப்பா "சிட்"டுன்னு, அவ "கெடலே"ன்னு சொன்னா அது எதத்தான் கேக்கும்.

[8:31] குலசேகரம் மைனி: மைனி, எம்மேல சாடுது இப்ப. முந்தி பேடி, இப்ப சேலையெல்லாம் சகதி.

[8:36] அருமனை அக்கா: பாசம்னா எல்லாத்துக்கும் விட்டுக்குடுக்கணும்னு இல்ல மக்களே. சாடினா ஒண்ணும் பேசாம முதுகு காட்டி நில்லு. தள்ளவும் வேண்டாம், தள்ளினா விளையாட்டுன்னு நினைக்கும். நாலு காலும் தரையில வந்த உடனே திரும்பி நெஞ்சத் தடவு. அதுக்க பேச்ச நீ கேக்குற மாதிரி உன் பேச்ச அதும் கேக்கட்டு.

[9:02] கருங்கல் மாமா: எனக்கு இன்னும் நம்பிக்கை இல்ல. ஆனா பட்டினி கெடக்க வேண்டாம். நாளைக்குக் கொளச்சல்ல இருந்து சாளை வாங்கிட்டு வாறேன். முள்ளு நீங்க எடுத்துக்கிடுங்க.

[9:10] அருமனை அக்கா: வாங்க மாமா. வந்ததும் தலையில தட்டாதுங்க, அது உங்கள மணத்தட்டு.

தம்பி, பழைய வீட்டுக்காரங்க வெறிநாய் ஊசி போட்ட சீட்டு குடுத்தாங்களா?

[9:12] குலசேகரம் அண்ணன்: இல்லக்கா. போட்டோம்னு வாயால சொன்னதுதான்.

[9:18] அருமனை அக்கா: சீட்டு இல்லன்னா போடல்லன்னே வச்சுக்க. நாளைக்குக் காலம்பற கால்நடை ஆசுபத்திரிக்குக் கொண்டு வா, பொறவு வருசா வருசம் போடணும். எல்லாரும் ஒண்ணு மனசுல வைங்க: எந்த நாய் கடிச்சாலும், பல்லு லேசா கீறினாலும், சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவணும். மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். அன்னைக்கே சர்க்கார் ஆசுபத்திரியில ஊசி போட்டுரணும்.

[9:20] குலசேகரம் அண்ணன்: ஆட்டோல கொண்டு வாறேன். ஆனா ஊசி போடும்போ புடிக்க ஆளு வேணுமே. வாயக் கட்டணுமா?

[9:23] அருமனை அக்கா: வாய்க்கூடு எங்கிட்ட இருக்கு, இன்னைக்கு சாயங்காலமே கொண்டு வாறேன். உள்ள கொஞ்சம் மீனு தேச்சு வச்சுக் காட்டணும், அதுவா மூக்க நுழைக்கட்டு. வலிய மாட்டினா நாளைக்கு உன்னையும் நம்பாது.

[9:30] குலசேகரம் மைனி: ஆட்டோல நானும் வாறேன் மைனி. பாப்பாவ சித்திக்கிட்ட விட்டுட்டு வாறேன். இவுக முன்னால இருக்கட்டு, அதுகூட பின்னால நான் இருக்கேன்.

[9:31] திங்கள்சந்தை சித்தி: கொண்டு விடு மக்களே, நான் வீட்டுலதான் இருப்பேன்.

[9:33] அருமனை அக்கா: சரி. காலம்பற சோறு கொஞ்சமாப் போடுங்க, ஆட்டோல கக்கும். ஒரு பழைய சாக்கும் எடுத்துக்கிடுங்க.