'சிற்றுறுதி'யை விட 'தங்குநிலை' பொருந்தும்

ஐயா, வணக்கம்.

மெட்டாஸ்டேபிள் நிலைக்கு, அதாவது கடைசி நிலையாக இல்லாவிட்டாலும் ஓர் ஆற்றல் தடுப்பால் கலையாமல் நிற்கும் நிலைக்கு, பாடநூல் தரும் 'சிற்றுறுதி நிலை' போதும் என்று எழுதியிருந்தீர்கள். லேசர் பாடத்துக்கு அது சரி. இப்போது நாம் பேசும், ஒளித்துடிப்பால் நிலை மாறும் படிகங்களுக்கு அது ஒட்டவில்லை.

ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குளிர்வித்தாலும் அது தானாகப் பெரோமின் பொருளாக (ferroelectric, வெளி மின்புலம் இல்லாமலே உள்ளே நேர், எதிர் மின்னூட்டங்கள் விலகி நிற்கும் பொருள்) மாறாது. அணுக்களின் குவாண்டம் அலைவு விடாது. 2019-இல் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் அதன் மேல் அகச்சிவப்பு மீவிரைவுத் துடிப்புகளை மீண்டும் மீண்டும் பாய்ச்சினார்கள். ஒவ்வொரு துடிப்பும் ஒரு பிக்கோநொடிகூட நீடிக்காது. படிகத்தில் திரிபு (வடிவச் சிறுமாற்றம்) உண்டாகி, அப்படி மின்னூட்டங்கள் விலகி நிற்கும் மின்முனைவு எழுந்தது. ஒளியை நிறுத்திய பிறகும் மணிக்கணக்கில் இருந்தது. இதைப் போய் 'சிறு உறுதி' என்றால், படிக்கிற மாணவர் நொடியில் கலைந்துவிடும் ஒன்றைத்தானே நினைப்பார்?

நண்பர் ஒருவர் சொன்ன 'தேக்கநிலை' எனக்குப் பிடித்திருந்தது. சரிவில் இறங்கும் நீர் பாதிவழிப் பள்ளத்தில் தேங்குகிறது. கரையைத் தாண்டினால்தான் அடிவாரம் போகும். ஆற்றல் தடுப்பை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆனால் பொருளாதாரச் செய்திகள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டன. மந்தம் என்ற பொருள்தான் முதலில் வந்து நிற்கும்.

அதனால் 'தங்குநிலை' என்கிறேன். ஓரிரவு இருந்தாலும் தங்கினோம் என்போம், ஒரு மாதம் இருந்தாலும் தங்கினோம் என்போம். குடியிருந்தோம் என்று சொல்வதில்லை. கால அளவைக் கட்டாமல், இது கடைசி இடமில்லை என்பதை மட்டும் சொல்லும் வினை அது. காரீய டைட்டனேட்டையும் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டையும் மாற்றி மாற்றி அடுக்கிய மென்படலங்களில் ஒளித்துடிப்பால் உருவான மீப்படிகத்துக்கும் (supercrystal, நானோ அளவில் முப்பரிமாணத்திலும் ஒரே ஒழுங்கு திரும்பத் திரும்ப வரும் அமைப்பு) இது பொருந்தும். அது அறைவெப்பத்தில் அப்படியே இருக்கிறது, சூடாக்கினால் அழிகிறது.

அப்புறம், இந்த நிலை ஒளியால் வந்தது என்று காட்டும் முன்னொட்டு. 'ஒளித்தங்குநிலை' என்றால் ஒளியே தங்குவதாகப் படும். ஒளி எப்போதோ போய்விட்டது, தங்குவது படிகத்தின் நிலை. 'ஒளிவிளை தங்குநிலை' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. வினைத்தொகை என்பதால் விளைந்தது, விளைவது இரண்டுக்கும் இடம் கொடுக்கும்.

பெரோமின் என்பதற்குப் பதில் 'அயமின்' மட்டும் வேண்டாம். அயம் என்றால் இரும்பு. பெரோமின் பொருளான பேரியம் டைட்டனேட்டில் இரும்பு ஏது? காந்தத்தை ஒப்பிட்டு வந்த பெயர்தானே அது. 'பெரோமின்' என்றே வைத்துக்கொள்வோம்.

'ஒளிவிளை'க்குப் பதில் 'ஒளித்தூண்டு' போதும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். தூண்டலுக்குப் பின்னும் நிலை நீடிப்பதை அந்தச் சொல் எப்படிக் காட்டும் என்பதே என் கேள்வி.