ஸ்டேட்டஸ் வருகிறது, பேக்கப் மட்டும் வரவில்லை (பக்கூலா, ஹட்டன் – பொகவந்தலாவை)

கொழுந்துக்கூடை:

வணக்கம். ஹட்டனில் அக்காவும் நானும் கணக்கு எழுதிக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறோம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் செக்ரோல் (ஆட்களின் வேலை, சம்பளப் பேரேடு) கணினியை இரவில் இங்கே பேக்கப் எடுத்துத் தருவதாக வாய் விட்டுவிட்டேன். போன வருடம் மின்னல் அடித்து அங்கே டிஸ்க் போனபோது, மூன்று மாதக் கொழுந்து நிறையைக் கொப்பியைப் பார்த்து மறுபடி அடித்தவள் நான்தான். அந்த ரோசம்.

கடையில் டெபியன் 11, பேக்கப் எடுக்கும் மென்பொருள் பக்கூலா 9.6. அதன் டைரக்டரும் (வேலையை ஏவுவது) ஸ்டோரேஜும் (பேக்கப்பை வைப்பது) ஒரே பெட்டியில், 192.168.1.10. தொழிற்சாலையில் கிளையன்ட் (தரவை அனுப்புவது), விண்டோஸ் 10, ஒரு 4ஜி ரவுட்டர். அந்த 4ஜி லைனுக்கு வெளியிலிருந்து யாரும் நேராகப் போக முடியாது, ஆகவே இரண்டு இடத்தையும் தனி டனலில் இணைக்கும் வயர்கார்ட் போட்டேன். அதில் கடை 10.8.0.1, தொழிற்சாலை 10.8.0.2.

இப்போது பிரச்சினை. டைரக்டரிலிருந்து கிளையன்ட் ஸ்டேட்டஸ் கேட்டால் உடனே பதில் வருகிறது. பேக்கப்பை ஓட்டினால், கிளையன்ட் ஸ்டோரேஜோடு இணையக் காத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு விடியும்வரை அப்படியே நிற்கிறது. கடையில் இருக்கும் அக்காவின் கணினிக்கு இதே அமைப்பில் ஒரு குறையும் இல்லை. பாஸ்வேர்டை மூன்று முறை பார்த்தாகிவிட்டது. விண்டோஸ் ஃபயர்வாலை நிறுத்தியும் பார்த்தேன். பொகவந்தலாவையிலிருந்து என் பெட்டிக்கு 10.8.0.1 என்று பிங் அடித்தால் போகிறது!

இதற்கிடையில் கிளாக்கர் ஐயா வேறு தினமும் போன் எடுக்கிறார். ராத்திரியில் ஆபீஸ் பிரிண்டர் தானாகப் பேப்பர் தள்ளுகிறதாம், ஒரு வரி இங்கிலீஸ், மிச்சமெல்லாம் வெள்ளை. வாட்சர் பயந்து போயிருக்கிறார். அதை நான் எப்படிப் பார்ப்பது?

மேல்கணக்கு:

தங்கச்சி, இரண்டு கேள்வி. டைரக்டர் கான்ஃபிக்கில் ஸ்டோரேஜ் பகுதியின் அட்ரஸ் வரியில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? தொழிற்சாலையில் அந்தப் பிரிண்டரின் ஐபி என்ன?

கொழுந்துக்கூடை:

அட்ரஸ் 192.168.1.10. முதலில் லோக்கல்ஹோஸ்ட் என்று இருந்தது, அது கூடாது என்று எங்கோ படித்து மாற்றினேன். பிரிண்டர் ஐபியைக் கிளாக்கர் ஐயாவிடம் கேட்டு அதன் தாளையே எடுக்கச் சொன்னேன்... 192.168.1.10. ஐயோ.

மேல்கணக்கு:

பேய் பிடிபட்டது.

பக்கூலாவில் மூன்று பேர் பேசுகிறார்கள், ஆளுக்கொரு போர்ட் எண், அதாவது வாசல் எண். டைரக்டர் 9101, கிளையன்ட் 9102, ஸ்டோரேஜ் 9103. எல்லோரும் நினைப்பது, டைரக்டர் கிளையன்டிடம் தரவை வாங்கி ஸ்டோரேஜில் வைக்கிறது என்று. அப்படியில்லை. டைரக்டர் கையால் ஒரு பைட் தரவுகூடப் போகாது. அது 9102க்குப் போய்க் கிளையன்டை எழுப்பி, "உன் சாமான்களை இந்த முகவரிக்குக் கொண்டு போ" என்று ஒரு துண்டைக் கொடுக்கும். நீங்கள் எழுதிய அட்ரஸ் வரிதான் அந்தத் துண்டு. கிளையன்ட் தானே நடந்து 9103க்குப் போக வேண்டும். அதன் சொந்தக் கான்ஃபிக்கில் ஸ்டோரேஜ் முகவரியே கிடையாது, போய்த் தேடினாலும் காண மாட்டீர்கள்.

ஸ்டேட்டஸ் வந்தது என்றால் டைரக்டர் கிளையன்டைக் கண்டுபிடித்தது என்று மட்டும்தான் அர்த்தம். கிளையன்ட் ஸ்டோரேஜைக் கண்டுபிடிப்பது வேறு பாதை.

நீங்களும் தோட்டத்துப் பிள்ளையாகத்தான் இருப்பீர்கள், இப்படிச் சொன்னால் விளங்கும். "5ஆம் லயம், 3ஆம் காம்பரா" என்று மட்டும் எழுதிக் கடிதத்தை ஒரு பையனிடம் கொடுத்தால், அவன் எந்தத் தோட்டத்தில் நிற்கிறானோ அந்தத் தோட்டத்து 5ஆம் லயத்துக்குத்தான் போவான். எங்கள் அப்பாவுக்கு வரவேண்டிய கடிதம் இப்படி ஆபீஸ் மேசையில் கிடந்து கிழிந்திருக்கிறது, அந்தக் கதை வேண்டாம். 192.168 என்று தொடங்குவது அப்படிப்பட்ட லய நம்பர். 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918, யார் வேண்டுமானாலும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள அதை ஒதுக்கியது. கடையிலும் 192.168.1.10 உண்டு, தொழிற்சாலையிலும் உண்டு. உங்கள் கிளையன்ட் பக்கத்து மேசைப் பிரிண்டரிடம் போய்க் கதவைத் தட்டியிருக்கிறது.

நெட்வேர்க் பிரிண்டர்களில் 9100 என்ற போர்ட்டில் வருவதையெல்லாம் அப்படியே அச்சடிக்கும். சிலவற்றில் அதற்கு மேல் உள்ள சில போர்ட்டுகளும் அப்படியே. நெட்வேர்க்கை ஆராயும் என்மேப்கூட எந்த மென்பொருள் ஓடுகிறது என்று ஆராயும்போது 9100 முதல் 9107 வரை தொடாமல் விடுவது இந்தத் தொல்லைக்காகத்தான். பிரிண்டர் கதவைத் திறந்தது, கிளையன்ட் வணக்கம் சொன்னது, பிரிண்டர் வணக்கத்தை அச்சடித்தது. பதில் வருமென்று கிளையன்ட் காத்திருந்தது.

அட்ரஸ் வரியில் நேராக 10.8.0.1 போடாதீர்கள், அக்காவின் கணினியில் வயர்கார்ட் இல்லையே. ஒரு பெயர் வையுங்கள், களஞ்சியம் என்கிற மாதிரி, இங்கிலீஸ் எழுத்தில். ஒவ்வொரு கணினியிலும் எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தப் பெயருக்குக் கடைக் கணினிகளில் 192.168.1.10, தொழிற்சாலையில் 10.8.0.1. நிற்கிற இடத்துக்கு ஏற்ற வழி கிடைக்கும். பிறகு சோதனையைத் தொழிற்சாலைக் கணினியில் இருந்து செய்யுங்கள், போர்ட் திறக்கிறதா என்று பார்க்க டெல்நெட் கட்டளையில் அந்தப் பெயரும் 9103ம். பிங் போவதை வைத்து எதையும் நம்ப வேண்டாம்.

கொழுந்துக்கூடை:

செய்தேன். பேப்பர் வரவில்லை, வாட்சர் நிம்மதி. ஆனால் இப்போது இணைப்பு மறுக்கப்பட்டது என்கிறது.

மேல்கணக்கு:

மறுப்பு நல்ல செய்தி, சரியான வீட்டுக்கு வந்துவிட்டது. ஸ்டோரேஜ் கான்ஃபிக்கில் எஸ்டி அட்ரஸ் என்று ஒரு வரி இருக்கும், ஸ்டோரேஜ் எந்த முகவரியில் கேட்க வேண்டும் என்பது அது. டெபியன் அதில் 127.0.0.1 வைத்துத் தரும், நீங்கள் 192.168.1.10 ஆக்கியிருப்பீர்கள். அதனால் அந்த ஒரு வாசலில் மட்டும் காது கொடுக்கிறது. வரியை எடுத்துவிட்டால் எல்லா முகவரியிலும் கேட்கும். ஆனால் ரவுட்டரில் 9103ஐ வெளியே திறந்து விடாதீர்கள்.

பதுளை_மெயில்:

ஒன்று சேர்க்கிறேன். கடை லைனில் கரண்ட் போய் வந்தால் வெளி ஐபி மாறுமா? டைனமிக் டிஎன்எஸ் பெயர் (ஐபி மாறினாலும் மாறாத பெயர்) வைத்திருந்தாலும், வயர்கார்ட் அந்தப் பெயரை டனல் எழும்பும்போது ஒரு தடவைதான் கேட்கும். அப்புறம் பழைய ஐபியையே பிடித்துக்கொண்டு இருக்கும். தொழிற்சாலைப் பக்கம் டனலை மறுபடி எழுப்ப நேர அட்டவணையில் ஒரு வேலை போட்டு வையுங்கள், பேக்கப்புக்குக் கால் மணி நேரம் முன்னால். 25 வினாடிக்கு ஒரு தடவை டனலைத் தட்டிக்கொண்டிருக்கும் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25ஐயும் அந்தப் பக்கமே போட வேண்டும், இல்லாவிட்டால் 4ஜி பக்கத்து ஓட்டை மூடிக்கொள்ளும், டைரக்டர் கூப்பிட்டாலும் கேட்காது.

தானாகத் தேடிப் பிடிக்கும் மென்பொருளுக்கு மாறச் சொல்லி யாராவது வருவார்கள். ரெட்ரோஸ்பெக்ட் மாதிரியானவை மல்டிகாஸ்டில் கூவிக் கிளையன்டைக் கண்டுபிடிக்கும். அந்தக் கூவல் சாதாரணமாக ரவுட்டரைத் தாண்டாது. பொகவந்தலாவைக்கு எப்படிப் போகும்?

கொழுந்துக்கூடை:

எஸ்டி அட்ரஸ் வரியை எடுத்தேன், இரவு 11க்கு ஓடியது, விடிய 4 மணிக்கு முடிந்திருந்தது. காலையில் பஸ் பிடித்துப் போய் ஒரு மாதச் செக்ரோலை வேறு ஃபோல்டரில் திரும்ப எடுத்துப் பார்த்தேன், திறக்கிறது. கீப்அலைவும் போட்டாயிற்று.

கிளாக்கர் ஐயா அந்தப் பேப்பர்களை எல்லாம் எறியாமல் ஃபைல் பண்ணி வைத்திருந்தார். பதினொரு தாள். எல்லாவற்றிலும் ஹலோ, அதற்குப் பின்னால் என் பேக்கப் வேலையின் பெயர்.