‘பெரம்பூர் பெரிய வீடு’ குழுவில் ஒரு வியாழக்கிழமை

28 ஆகஸ்ட் 2025

[அதிகாலை 3:04] நான்: முடிந்தது. மான்செஸ்டர் யுனைடெட் பெனால்டியில் 12–11 தோற்றது. யாராவது விழித்திருக்கிறீர்களா?

[3:05] குட்டி: இருக்கிறேன் அண்ணா. இதைப் பார்க்காமல் எவனாவது தூங்குவானா!

[3:05] குட்டி: நாலாவது டிவிஷன் டீம்!! கிரிம்ஸ்பி டவுன்!!

[3:06] நான்: நீ லிவர்பூல்காரன். பேசாதே. போய்ப் படு.

[3:09] நான்: 2–0 பின்தங்கி, கடைசி நிமிடத்தில் 2–2 ஆக்கி, ஐந்தாவது பெனால்டியில் முடித்திருக்க வேண்டியதைக் கோட்டைவிட்டு, அப்புறம் டீமுக்குப் 13 உதை. கடைசி உதை மேல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. தெருமுனைப் பிள்ளையார் பந்தலில் உட்கார்ந்துதான் போனில் பார்த்தேன். சதுர்த்தி அன்றைக்காவது கைகொடுப்பார் என்று நினைத்தேன். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

[காலை 5:48] அம்மா: மூன்று மணிக்கு என்னடா மெசேஜ்? யாருக்கோ உடம்புக்கு என்னவோ என்று பதறிவிட்டேன். கொழுக்கட்டை மீதி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. இன்றைக்கே காலி பண்ணுங்கள்.

[6:12] அத்தை: பிள்ளை ஏன் அழுகிறான்? கிரிம்ஸ்பி யார்?

[6:15] நான்: அழவில்லை அத்தை. அது இங்கிலாந்தில் ஒரு மீன்பிடித் துறைமுகம். அந்த ஊர் ரசிகர்கள் காற்றடைத்த பிளாஸ்டிக் மீனைத் தூக்கிக்கொண்டு மேட்சுக்கு வருவார்கள்.

[6:16] அத்தை: அப்போ நம்ம காசிமேடு.

[6:16] அத்தை: காசிமேட்டுக்காரனிடம் தோற்றதில் உனக்கு என்ன வெட்கம்? மணலில் ஓடிப் பழகிய கால் அது. நானும் இங்கேதான் முப்பது வருஷமாக இருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

[6:41] பெரியப்பா: கண்ணா, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. வெள்ளைக்காரப் பணக்காரன் டீம் தோற்றதற்கு நீ ஏன் ராத்திரி கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய்? இன்றைக்கு வேலைக்குப் போகிறாயா இல்லையா?

[6:43] நான்: அது பணக்காரன் டீம் இல்லை பெரியப்பா. கேரேஜ் டீம்.

[6:43] பெரியப்பா: எந்த கேரேஜ்?

[6:47] நான்: உங்கள் டிபார்ட்மெண்ட்தான், ரயில்பெட்டி கேரேஜ். மான்செஸ்டரில் நியூட்டன் ஹீத் என்று ஓர் இடம். அங்கே லங்காஷயர் அண்ட் யார்க்ஷயர் ரயில்வேயின் கேரேஜ் அண்ட் வேகன் ஒர்க்ஸ் இருந்தது. அதில் வேலை பார்த்தவர்கள் 1878இல் ஆரம்பித்த டீம். பெயரே ‘நியூட்டன் ஹீத் எல்.ஒய்.ஆர்.’தான். முதலில் மற்ற டிபார்ட்மெண்ட்களோடும் மற்ற ரயில்வே கம்பெனிகளோடும்தான் ஆடினார்கள்.

[6:48] பெரியப்பா: சி அண்ட் டபிள்யூவா??

[6:48] நான்: சி அண்ட் டபிள்யூவேதான்.

[6:55] பெரியப்பா: இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை? 2008இல் நடு ராத்திரி என் வீட்டு டிவியில் இவர்கள் மேட்சைப் போட்டுக் கத்தினாயே, நான்கூட எழுந்து வந்து திட்டினேனே, அன்றைக்கே சொல்லியிருந்தால் டீ போட்டுக் கொடுத்து கூட உட்கார்ந்திருப்பேன்.

[6:56] நான்: மாஸ்கோ ஃபைனல். அன்றைக்கும் பெனால்டிதான் பெரியப்பா. ஆனால் ஜெயித்தோம். நீங்கள் மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணப் போனீர்கள்.

[7:04] பெரியப்பா: சரி விடு. கணக்குப் பார். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் போனது 1856. நம்ம பெரம்பூர் ஒர்க்ஸும் அதே வருஷம்தான். அப்படியானால் நாம் அந்த டீமுக்கு 22 வருஷம் சீனியர். நம்மிடமும் டீம் இருந்தது. சாயந்திரம் சங்கு ஊதியதும் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு கிரவுண்டுக்கு ஓடுவோம். ஷாப்புக்கு ஷாப் மேட்ச். பெயிண்ட் ஷாப்காரர்களை ஜெயித்தால் அடுத்த நாள் முழுக்க எங்கள் ஷாப்பில் வேலையே நடக்காது. எனக்கு வலது பேக். ஸ்டாப்பர் ஒருவர் இருந்தார், வெல்டர், ஆறடி. அவர் தலையில் பட்ட பந்து கல்லில் பட்ட மாதிரித் திரும்பும்.

[7:06] சித்தப்பா: அண்ணே, நீங்கள் வலது பேக்கா? பெஞ்சு என்றுதான் அம்மா சொன்னார்கள்.

[7:06] பெரியப்பா: நீ பேசாமல் இரு.

[7:20] வித்யா அக்கா: நைட் டியூட்டி பிரேக்கில் இருக்கிறேன். இங்கே மான்செஸ்டரில் வார்டு முழுக்க இதே பேச்சு. யுனைடெட் ரசிகரான பேஷண்ட் ஒருவர் பிரஷர் பார்க்க வேண்டாம் என்கிறார். நியூட்டன் ஹீத் என் டிராம் வழியில்தான் இருக்கிறது பெரியப்பா. ஓல்டாம் போகும் லைன். அங்கே இன்றைக்கும் ரயில் டிப்போ இருக்கிறது, டிராமில் உட்கார்ந்தபடியே தெரியும்.

[7:21] பெரியப்பா: கிரவுண்டு எப்படி இருந்ததாம் அந்தக் காலத்தில்?

[7:29] நான்: நம்ம ஊர் மாதிரிதான். முதல் கிரவுண்டு நார்த் ரோடு. ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் சேறு. டிரஸ் மாற்ற சற்றுத் தள்ளி இருந்த சாராயக் கடைக்குப் போக வேண்டும், அங்கிருந்து ரோட்டில் நடந்து கிரவுண்டுக்கு வர வேண்டும். 1893இல் பேங்க் ஸ்ட்ரீட்டுக்கு மாறினார்கள். அங்கே பக்கத்திலேயே ரசாயன ஆலைப் புகை.

[7:30] அத்தை: மணலியில் மேட்ச் வைத்த மாதிரி.

[7:33] நான்: 1895இல் வால்சால் என்ற டீம் வந்து, கிரவுண்டைப் பார்த்ததும் இதில் ஆட முடியாது என்று புகார் கொடுத்துவிட்டுத்தான் ஆடியது. நியூட்டன் ஹீத் 14–0 ஜெயித்தது. புகார் எடுபட்டு, அந்த மேட்ச் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். திரும்ப ஆடினார்கள்.

[7:33] குட்டி: திரும்ப ஆடியதில்?

[7:34] நான்: 9–0.

[7:34] குட்டி: 😂 அப்புறம் 1894ஐயும் சொல்லுங்கள் அண்ணா. கீழ் டிவிஷனுக்கு அனுப்பி வைத்தது யார்?

[7:35] நான்: லிவர்பூல். 2–0. திருப்தியா? ஸ்கூலுக்குக் கிளம்பு.

[7:52] பெரியப்பா: பெயர் எப்போது மாறியது? ரயில்வே பெயரை ஏன் எடுத்தார்கள்? அதைச் சொல் முதலில்.

[8:06] நான்: 1892இல் லீகில் சேர்ந்தபோதே ‘எல்.ஒய்.ஆர்.’ போய்விட்டது. ரயில்வேயின் ஆதரவும் குறைந்தது, தனிக் கம்பெனியாக்கினார்கள். அதிலிருந்து கடன். 1902 ஜனவரியில் 2,670 பவுண்ட் கடனுக்காக கோர்ட் மூடச் சொல்லிவிட்டது. அப்போது கேப்டன் ஹாரி ஸ்டாஃபோர்டு. டீமுக்குக் காசு சேர்க்கத் தன் நாயின் கழுத்தில் உண்டியல் கட்டிக் கண்காட்சிக்கு அழைத்துப் போனாராம். நாய் தொலைந்துவிட்டது. அது ஜான் ஹென்றி டேவிஸ் என்ற பீர் கம்பெனி முதலாளி கண்ணில் பட, அவர் மகளுக்கு நாயைப் பிடித்துப்போக, அப்படிப் பழக்கமானார்கள் என்று மான்செஸ்டரில் கதை சொல்வார்கள். அந்த டேவிஸ் உட்பட 4 பேர் ஆளுக்கு 500 பவுண்ட் போட்டு டீமைக் காப்பாற்றினார்கள். ஏப்ரலில் புதுப் பெயர், மான்செஸ்டர் யுனைடெட். வெள்ளைச் சட்டை போய், சிவப்பு வந்தது.

[8:07] நான்: ‘மான்செஸ்டர் சென்ட்ரல்’ என்று வைக்கலாம் என்றும் ஒரு பேச்சு இருந்தது. ரயில்வே ஸ்டேஷன் பெயர் மாதிரி இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். அங்கே நிஜமாகவே அந்தப் பெயரில் ஸ்டேஷன் இருந்தது.

[8:09] பெரியப்பா: ஸ்டேஷன் பெயராக இருந்தால் என்ன தப்பு? ரயில்வேகாரன் ஆரம்பித்த டீமுக்கு ஸ்டேஷன் பெயர் வைக்காமல், சாராய முதலாளிக்குப் பிடித்த பெயரா? அன்றைக்கே கையைவிட்டுப் போய்விட்டது உங்கள் டீம். நேற்று ராத்திரி போகவில்லை.

[8:10] நான்: பெரியப்பா, அந்த முதலாளி கடனை அடைத்தவர். இப்போது இருப்பவர்கள் கடனைக் கொண்டுவந்தவர்கள்.

[8:10] அத்தை: அது எப்படி?

[8:15] நான்: 2005இல் கிளேஸர் குடும்பம், அமெரிக்காக்காரர்கள், சுமார் 790 மில்லியன் பவுண்டுக்கு கிளப்பை வாங்கினார்கள். பெரும்பகுதி கடன் வாங்கிய பணம். அதில் பெரும் பங்கைக் கிளப்பின் தலையிலேயே ஏற்றிவிட்டார்கள். அதுவரை கிளப்புக்குக் கடனே கிடையாது. அன்றிலிருந்து 20 வருஷமாக வட்டி கட்டுகிறது.

[8:16] அத்தை: இரு இரு. நான் உன் வீட்டை வாங்க ஆசைப்படுகிறேன். என்னிடம் காசு இல்லை. உன் வீட்டுப் பத்திரத்தையே அடகு வைத்து, அந்தக் காசை உன்னிடம் கொடுத்து, வீட்டை வாங்கிக்கொள்கிறேன். அப்புறம் வட்டியை வீட்டில் குடியிருக்கிறவன் கட்டுகிறான்.

[8:16] நான்: அதேதான் அத்தை. ஒரு எழுத்து பிசகவில்லை.

[8:17] அத்தை: நம்ம மார்க்கெட்டில் மீட்டர் வட்டிக்காரனுக்குக்கூட இது தோன்றவில்லையே!

[8:31] வித்யா அக்கா: 2024இல் ஜிம் ராட்கிளிஃப் என்ற இன்னொரு கோடீஸ்வரர் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே வாங்கி உள்ளே வந்தார். வந்ததும் சிக்கனம். முதலில் சுமார் 250 பேர் வேலை போனது, இந்த வருஷம் இன்னும் 200 பேர் வரை என்று சொன்னார்கள். ஸ்டேடியத்தில் வேலை செய்பவர்களுக்குக் கொடுத்துவந்த மதியச் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பழம் கொடுக்கிறார்கள்.

[8:33] பெரியப்பா: கேன்டீனை மூடினார்களா?

[8:33] வித்யா அக்கா: ஆமாம் பெரியப்பா.

[8:40] பெரியப்பா: கேன்டீனில் சாம்பாரில் தண்ணீர் அதிகம் என்று நாங்கள் ஒரு நாள் முழுக்க கேட்டில் நின்றிருக்கிறோம். பழமாம் பழம். ஒர்க்ஸில் பிறந்த டீமில் கேன்டீனை மூடுகிறான், யாரும் கேட்கவில்லையா? சங்கம் இல்லையா?

[8:52] நான்: ரசிகர்கள் கேட்டார்கள் பெரியப்பா. 2010இல் கிளேஸருக்கு எதிராக ஒரு போராட்டம். சிவப்புத் துண்டை மடித்து வைத்துவிட்டு, ஸ்டேடியம் முழுக்கப் பச்சையும் பொன்மஞ்சளுமாகத் துண்டு போட்டுக்கொண்டு வந்தார்கள். நியூட்டன் ஹீத் கலர். 1878 கலர். டேவிட் பெக்காம் அந்த வருஷம் மிலான் டீமில் எதிரணியாக வந்தவர், மேட்ச் முடிந்ததும் யாரோ வீசிய பச்சைத் துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். நான் அப்போது ஸ்கூல். பேப்பரில் வந்த அந்தப் படத்தை வெட்டி ஒட்டி வைத்திருந்தேன். அப்போதுதான் இந்த ரயில்வே கதையே எனக்குத் தெரியும்.

[8:53] பெரியப்பா: துண்டு போட்டு என்ன ஆயிற்று?

[8:53] நான்: ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரர்கள் நிறையத் துண்டு விற்றார்கள்.

[8:58] வித்யா அக்கா: போன வருஷம் நவம்பரில் டிக்கெட் விலையை 66 பவுண்ட் ஆக்கினார்கள். சீசனுக்கு நடுவில். சின்னப் பையனுக்கும் அதே, பென்ஷன்காரருக்கும் அதே, சலுகை கிடையாது. நம்ம ஊர்க் கணக்கில் 7,500 ரூபாய்க்கு மேல். அந்த சீசனில் 18 மேட்ச் தோற்று 15ஆவது இடம். கூரை வேறு ஒழுகுகிறது. என்னுடன் வேலை பார்க்கும் ஒரு அம்மா மூன்று தலைமுறையாக யுனைடெட். அப்பாவை அழைத்துக்கொண்டு போவதை நிறுத்திவிட்டேன் என்று சொன்னார். பிரேக் முடிந்தது, அப்புறம் வருகிறேன்.

[9:02] அம்மா: 7,500 ரூபாயா? நீ அங்கே போக வேண்டும் என்று சீட்டு போட்டிருக்கிறாயே, அது இதற்குத்தானா?

[9:02] நான்: அம்மா, இது குரூப்.

[9:20] சித்தப்பா: நான் ஒன்று சொல்கிறேன், யாரும் அடிக்க வராதீர்கள். நீங்கள் எல்லாரும் மான்செஸ்டரில் கூரை ஒழுகுகிறது என்று வருத்தப்படுகிறீர்கள். இங்கே ஜூலை மாதத்திலிருந்து நம்ம நாட்டுக் கால்பந்து லீக் ஐஎஸ்எல்லையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஃபெடரேஷனுக்கும் லீகை நடத்துகிற கம்பெனிக்கும் ஒப்பந்தம் முடியப் போகிறது, அதைப் புதுப்பிக்கவில்லை. சீசன் எப்போது என்றே தெரியாது. தினம் சாயந்திரம் முல்லை நகர் கிரவுண்டில் என்னிடம் வருகிற பையன்கள் கேட்கிறார்கள், என்ன சொல்வது? நம்ம வியாசர்பாடி நந்தகுமார் 2023இல் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடி மோகன் பகானுக்கு எதிராக கோல் போட்டபோது, இந்தத் தெருவில் வெடி வைத்தோம். நீயும் வந்தாய். அவனைப் பார்த்துத்தான் இந்தப் பையன்கள் ஷூ கட்டுகிறார்கள்.

[9:24] நான்: நீங்கள் சொல்வது சரி சித்தப்பா. சென்னையின் எஃப்சிக்கு நேரு ஸ்டேடியத்தில் நானும் கத்துகிறேன். 2015இல் கப் ஜெயித்தபோது மூன்று நாள் குரல் இல்லை. ஆனால் விட முடியவில்லை. ரெண்டுமே.

[9:25] சித்தப்பா: விடச் சொல்லவில்லைடா. ராத்திரி முழுக்க விழித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பையன்களுக்கு ரெஃப்ரியாக வராமல் போகாதே. அதுதான்.

[9:40] பெரியப்பா: அந்தப் பச்சைத் துண்டுக்காரர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

[9:46] நான்: அதற்கு முன்னாலேயே, 2005இலேயே சிலர் பிரிந்துபோய் தனி கிளப் ஆரம்பித்தார்கள். எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர். முதலாளி கிடையாது. உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. 10 வருஷம் வேறு கிரவுண்டுகளில் ஆடி, 2015இல் சொந்தக் கிரவுண்டு கட்டினார்கள். மாஸ்டன் என்ற இடத்தில். நியூட்டன் ஹீத்துக்குப் பக்கத்து ஏரியா.

[9:48] பெரியப்பா: நம்ம ரயில்வே சொசைட்டி மாதிரி. எனக்கு இந்த டீம் பிடித்திருக்கிறது. இவர்கள் மேட்ச் டிவியில் வருமா?

[9:48] நான்: வராது பெரியப்பா. சின்ன லீக். சனிக்கிழமை நம்ம மேட்ச் இருக்கிறது, பர்ன்லியோடு. ராத்திரி 7:30தான். வந்துவிடுங்கள்.

[9:50] பெரியப்பா: எட்டரைக்கு நான் சாப்பிட வேண்டும். முதல் பாதி பார்க்கிறேன்.

[பகல் 2:04] வித்யா அக்கா: டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிறேன். பெரியப்பாவுக்காக நியூட்டன் ஹீத் ஸ்டாப்பில் இறங்கினேன். மழை.

[2:05] வித்யா அக்கா: 📷 புகைப்படம்

[2:05] வித்யா அக்கா: 📷 புகைப்படம்

[2:19] பெரியப்பா: இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் டீசல் செட். பரவாயில்லை, யார்டைச் சுத்தமாக வைத்திருக்கிறான். வலது ஓரத்தில் ஒரு செட் தனியாக நிற்கிறதே, அது ரிப்பேருக்கு வந்ததா, ஓடப் போவதா?

[2:20] வித்யா அக்கா: தெரியாது பெரியப்பா. வேலிக்கு வெளியில் நிற்கிறேன்.

[2:21] பெரியப்பா: கேட்டில் யாராவது இருப்பார்கள், கேட்டுப் பார். பெரம்பூர் கேரேஜ் என்று சொல்.