ரீகால் தகவல் யாருக்கு வரணும்? செகண்ட் ஹேண்ட் பிக்கப் வெச்சிருக்கிறவங்க பதில் சொல்லுங்க

கலாசிபாளையம் குமரன்:
ஓசூர் பக்கம் காய்கறி, பூ ஏத்தி பெங்களூரு சிட்டி மார்க்கெட்டுக்கு ஓட்டுறேன். வண்டி செகண்ட் ஹேண்ட் பிக்கப். ஆர்சி, இன்சூரன்ஸ், பெர்மிட் எல்லாம் என் பேருக்கு மாத்தியாச்சு. கம்பெனி பேரை இங்க போட மாட்டேன்.

கொஞ்ச நாளா ஸ்டியரிங்ல ஆட்டம் தெரிஞ்சுது. அத்திப்பள்ளி தாண்டி வரும்போது வண்டி இடது பக்கமா இழுத்துச்சு, நான் ஒடிச்சா ஒரு நொடி கழிச்சுத்தான் சக்கரம் திரும்புது. பக்கத்துல ஸ்கூல் வேன். எப்படியோ ஓரம் கட்டினேன். பீன்யாவுல நம்ம செல்வம் அண்ணன்கிட்ட காட்டினப்போ டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கை முன் சக்கரத்தோட இணைக்கிற கம்பியோட முனை) போயிடுச்சுன்னார், கம்பெனி சர்வீஸ்லயும் ஒரு வார்த்தை கேளுன்னார். அங்க அட்வைசர் சேஸிஸ் நம்பரை அடிச்சுப் பாத்துட்டு, "இந்த வண்டிக்கு ஒரு கேம்பெய்ன் ஓப்பன்ல இருக்கே, நீங்க வரவே இல்லையே"ன்னு என்னைக் கேக்கிறார். கேம்பெய்ன்னா ரீகால்தான், குறை இருக்கிற பார்ட்டை இலவசமா மாத்த கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிடுறது. கடிதம், போன் எல்லாம் முதல் ஓனருக்குப் போயிருக்கு. அவர் வண்டியை வித்துட்டு ஊரையே காலி பண்ணிட்டார்.

பார்ட்டை இலவசமாத்தான் மாத்திக் கொடுத்தாங்க. ஆனா என் உயிர் போயிருந்தா, அந்த வேன்ல இருந்த பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா? தகவல் எனக்கு வராதது யார் தப்பு?

மூணு வண்டி முருகேசன்:
தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லு. லோடு எவ்வளவு ஏத்துவே? கோபப்படாதே. யஷ்வந்த்பூர் யார்டுல நிக்கிற பிக்கப்ல முக்கால்வாசி பின்பக்கம் எக்ஸ்ட்ரா ஸ்பிரிங் பட்டை போட்டிருக்கு. ஒன்றே முக்கால் டன் வண்டில மூணு டன் ஏத்திட்டு பார்ட் தேயுது, கம்பெனி மோசம்னா என்ன நியாயம்? ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவுல 20,000 ரூபாய் அபராதம், அதோட கூடுதலா ஏத்தின ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதைக் கட்டிட்டும் ஏத்துறானுங்க. நான் என் டிரைவருங்ககிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன், எடைச் சீட்டு இல்லாம வண்டி நகரக்கூடாதுன்னு.

பொம்மசந்திரா பொறியாளர்:
வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ரீகால் என்றாலே கம்பெனி திருட்டுத்தனம் செய்துவிட்டது என்று பேசுவது சரியல்ல. ஒரு நட்டை முறுக்கும் கருவியின் அளவு சற்று விலகினால், அதைக் கண்டுபிடிப்பதற்குள் சில மாத வண்டிகள் வெளியே போய்விடும். 2021-ல் மஹிந்திரா 29,878 பிக்கப்புகளைத் திரும்ப அழைத்தது. 2020 ஜனவரி முதல் 2021 பிப்ரவரி வரை தயாரானவை. ஃப்ளூயிட் பைப் சரியாக முறுக்கப்படவில்லை என்ற சந்தேகம்தான் காரணம். தானே முன்வந்து அறிவித்தது. அடுத்த ஆண்டு மாருதி, சூப்பர் கேரியில் 5,002 வண்டிகளை ஒரு சீட் பெல்ட் போல்ட்டுக்காக அழைத்தது. தானே சொல்கிற கம்பெனியைத் திட்டினால், அடுத்தவன் சொல்லாமலே இருந்துவிடுவான்.

குமரன் சார் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியிடம் இருப்பது வண்டி விற்ற அன்று டீலர் பதிந்த பெயரும் போனும் மட்டுமே. வாரண்டி முடிந்ததும் வண்டியை வெளியே விடுகிறீர்கள், கைமாறியதை யாரும் தெரிவிப்பதில்லை. அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

பீன்யா செல்வம்:
அந்த வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கினது நான்தான். முன் சக்கரத்தை ரெண்டு பக்கமும் பிடிச்சு ஆட்டினா டக்கு டக்குன்னு அடிச்சுது. டை ராட் எண்டை மூடுற ரப்பர் பூட் கிழியலை, வெளிய மண்ணு தண்ணி எதுவும் போகலை. பூட்டைக் கழட்டினா உள்ள கிரீஸ் காஞ்சு கறுப்பா இருக்கு, இரும்பு உருண்டை அதோட குழிக்குள்ள தனியா ஆடுது. பூட் கிழிஞ்சு மண்ணு போய்த் தேஞ்சா அது ஓட்டுறவன் கவனிக்காதது. பூட் முழுசா இருக்கும்போதே உள்ள போச்சுன்னா, பார்ட் வரும்போதே சரியில்லைன்னுதான் என் கணக்கு.

முருகேசன் அண்ணே, ஓவர்லோடுல முதல்ல போறது பின் பட்டை, ஹவுசிங், பின் டயர், வீல் பேரிங். பின்னாடி அதிகமா ஏத்தினா முன்பக்கம் லேசாகித் தூக்கும். டை ராடுக்கு அதனால பாரம் கூடாது. ஓவர்லோடு தப்புதான். எல்லாத்தையும் அதுமேல போட்டுத் தப்பிக்கிறதும் தப்பு.

பொம்மசந்திரா பொறியாளர்:
செல்வம் அண்ணன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிப்பது, பள்ளத்தில் வேகமாக இறக்குவது இதெல்லாம் டை ராடைத்தான் அடிக்கும். மார்க்கெட் சந்துகளில் ராத்திரி முழுக்க அதுதான் நடக்கிறது. பழுதான பார்ட்டை வெட்டிப் பார்க்காமல் தயாரிப்புக் குறை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

கலாசிபாளையம் குமரன்:
சார், தீர்ப்பு நான் சொல்லலை, கம்பெனிதான் சொல்லியிருக்கு. அந்தப் பார்ட்டை மாத்தணும்னு கேம்பெய்ன் போட்டதே அவங்கதானே? நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: அது எனக்கு ஏன் தெரியலை?

ஒயிட்ஃபீல்டு கார்த்திக்:
டெக்சாஸ்ல சில வருஷம் இருந்தேன். அங்க ஹெவி டியூட்டி பிக்கப்னா வீட்டுக்கு ஒண்ணு. ஃபியட் கிரைஸ்லர் கம்பெனியோட ரேம் 2500, 3500 பிக்கப்புங்க கதையைச் சொல்றேன், குமரன் கேள்விக்கு நேரா பொருந்தும்.

அந்த வண்டிகள்லயும் டை ராட் பிரச்சினைதான். ரீகால் அறிவிச்சாங்க, ஆனா பார்ட் கிடைக்காம, தகவல் ஒழுங்கா போகாம இழுத்தடிச்சாங்க. கடைசில 2015 ஜூலைல, அந்த நாட்டு வாகனப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ, ஃபியட் கிரைஸ்லர் கம்பெனிக்கு 10.5 கோடி டாலர் அபராதம் போட்டுச்சு. இந்த ரேம் மட்டுமில்ல, 23 ரீகால்களைச் சரியா நடத்தாததுக்கு. இன்னும் சரி செய்யாத ரேம் பிக்கப்களை ஓனர்கிட்ட இருந்து திரும்ப வாங்கிக்கணும்னும் ஒத்துக்க வெச்சாங்க. கவனிங்க, ரீகாலை அறிவிச்சுட்டு ஒழுங்கா முடிக்கலைன்னு போட்ட அபராதம் அது.

இன்னொண்ணு. 2019, 2020 ரேம் டீசல்ல ஹை பிரஷர் ஃப்யூயல் பம்ப் உள்ள உடைஞ்சு, இரும்புத் துகள் டீசல் லைன் முழுக்கப் பரவி, ஓடிட்டு இருக்கும்போதே என்ஜின் நின்னுடும். இருபத்துச் சொச்சம் ஓனருங்க புகார் கொடுத்தாங்க. 2021 அக்டோபர்ல விசாரணை ஆரம்பிச்சாங்க. அடுத்த மாசமே 2.22 லட்சம் வண்டிக்கு ரீகால் வந்துடுச்சு.

மூணு வண்டி முருகேசன்:
அமெரிக்காவும் நம்ம ஹொஸ்கோட்டை ரோடும் ஒண்ணா தம்பி? அங்க எடைமேடை தாண்டி ஒருத்தன் போக முடியாது.

ஒயிட்ஃபீல்டு கார்த்திக்:
ரோடு வேற, ஒத்துக்கிறேன் அண்ணே. டை ராடும் அதே வேலையைத்தானே செய்யுது? நான் சொல்ல வந்தது சட்டம். அங்க ரீகால் கடிதம், மாநிலப் பதிவுல இப்போ யார் ஓனரோ அவங்களுக்குப் போகணும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. முதல்ல வாங்கினவருக்கு அனுப்பிட்டேன்னு கம்பெனி கையைக் கட்டிக்க முடியாது. அதுக்கு மேல, 17 எழுத்து சேஸிஸ் நம்பரை அரசாங்கத் தளத்துல போட்டா பெரும்பாலான கம்பெனி வண்டிகளுக்கு பாக்கி ரீகாலைக் காட்டிடும்.

பொம்மசந்திரா பொறியாளர்:
அங்கேயும் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். ரீகால் முடிக்காத பழைய வண்டியை டீலர் விற்க அந்த நாட்டு மத்தியச் சட்டத்தில் இன்றும் தடையில்லை.

இங்கே நடைமுறைச் சிக்கல் என்ன தெரியுமா? இப்போதைய ஓனர் விவரம் வாஹன் தளத்தில், அரசிடம் இருக்கிறது. அதைத் தனியாருக்கு மொத்தமாகக் கொடுக்கும் திட்டம் ஒன்று 2019-ல் வந்தது. அந்தரங்கத் தகவல் பற்றிய அச்சத்தில் 2020-ல் அதை ரத்து செய்தார்கள். ரத்து செய்தது சரிதான், நானும் ஆதரித்தேன். அப்படியிருக்க, கம்பெனி எந்த முகவரிக்குக் கடிதம் போடும்?

அல்சூர் மீனா:
நுகர்வோர் வழக்குகள் பார்க்கிற வக்கீல் நான். பொறியாளர் சார், உங்கள் கேள்விக்குப் பதில் எளிது. தகவலைக் கம்பெனி கையில் கொடுக்கவே வேண்டாம். கம்பெனி சேஸிஸ் நம்பர் பட்டியலை அரசிடம் கொடுக்கட்டும், அரசு இப்போதைய ஓனர் போனுக்கு எஸ்எம்எஸ் அனுப்பட்டும். டிராஃபிக் சலான் அப்படித்தானே வருகிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ பிரிவு வந்தது. ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே கம்பெனிக்கு உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகள் அமலில் இருக்கின்றன, 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் வண்டி ஏழு வருடத்துக்குள் இருக்க வேண்டும். வண்டி வகை, ஆண்டு விற்பனையைப் பொறுத்து இத்தனை புகார் சேர வேண்டும் என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். கார்த்திக் சொன்ன இருபத்துச் சொச்சம் புகார் இங்கே போதாது. அதனால்தான் புகாரை டீக்கடையில் சொல்லாமல் வாஹன் தளத்தில் பதியுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் மன்றாடுகிறேன். பதியாத புகார் கணக்கில் இல்லாத புகார்.

மூணு வண்டி முருகேசன்:
மேடம், எங்களை மாதிரி தொழில் பண்றவங்க கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கே போக முடியாதுன்னு சொன்னாங்களே?

அல்சூர் மீனா:
உங்களுக்குக் கஷ்டம் அண்ணா, குமரனுக்கு இல்லை. லாப நோக்கில் வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டினால் அது வணிக நோக்கம். பிழைப்புக்காக ஒரே வண்டியைத் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான். லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. தானே ஓட்டுவதற்காக லாரி வாங்குகிறவரையே அதில் உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள்.

ஓவர்லோடு வாதத்துக்கும் ஒரு வார்த்தை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு, பொருளைத் தவறாகப் பயன்படுத்தினாலோ மாற்றியமைத்தாலோ பொருள் பொறுப்பு வழக்கில் (குறையுள்ள பொருளால் வந்த பாதிப்புக்கு இழப்பீடு கேட்கும் வழக்கு) விற்பனையாளருக்குப் பாதுகாப்பு தருகிறது. எக்ஸ்ட்ரா பட்டை போட்டவர்கள் இதை மனதில் வையுங்கள். தயாரிப்பாளரின் பொறுப்பு 84-ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது.

பீன்யா செல்வம்:
எனக்கு ஒரு யோசனை. மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வருஷம் வரை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்சி (வண்டி ஓடத் தகுதியா இருக்குன்னு தர்ற சான்றிதழ்), அப்புறம் வருஷா வருஷம். எஃப்சி எடுக்கும்போது சேஸிஸ் நம்பரை எப்படியும் பாக்கிறாங்க. அங்கயே ரீகால் பாக்கி இருந்தா நிறுத்திட்டா என்ன? ஓனர் மாறினாலும் வண்டி அங்க வந்துதானே ஆகணும்.

மூணு வண்டி முருகேசன்:
இதுக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன் செல்வம். பார்ட் ஸ்டாக் இல்லைன்னு சர்வீஸ்ல மாசக்கணக்கா இழுப்பான். எஃப்சி இல்லாம வண்டி ஷெட்ல நிக்கும், ஃபைனான்ஸ்காரன் தவணைக்கு நிப்பானா? தப்பு கம்பெனி மேல, தண்டனை எனக்கா?

பொம்மசந்திரா பொறியாளர்:
முருகேசன் அண்ணன் பயம் நியாயமானது. ஆனாலும் செல்வம் அண்ணன் யோசனையை நான் ஆதரிக்கிறேன், உயிர் போகிற குறைகளுக்கு மட்டும். ஸ்டியரிங், பிரேக், தீப்பிடிக்கிற ஆபத்து. ஜெர்மனியில் கேபிஏ என்ற மத்திய வாகன அமைப்பு கண்காணிக்கும் ரீகாலுக்கு வராத வண்டியை ஓட்டவே உள்ளூர்ப் பதிவு அலுவலகம் தடை விதிக்கலாம். ஆனால் குமரன் சார் வண்டி தயாரிப்புக் குறையால்தான் கெட்டது என்பதை இன்னும் நான் ஏற்கவில்லை.

கலாசிபாளையம் குமரன்:
நீங்க ஏத்துக்கலைன்னாலும் பரவாயில்லை சார். பார்ட் இல்லைன்னா கம்பெனி எழுத்துல கொடுக்கட்டும், அந்தக் கடிதத்தைக் காட்டினா எஃப்சி தேதியைத் தள்ளி வைக்கட்டும், தவணையைக் கம்பெனி கட்டட்டும். முருகேசன் அண்ணன் மாதிரி ஆளுங்க கேட்டாத்தான் அது நடக்கும்.

எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான். சில்க் போர்டுல ராங் லேன்ல போனா சலான் நேரா என் போனுக்கு வருது. பழைய ஓனருக்குப் போறதில்லை. அரசாங்கத்துக்கு என்னைத் தெரியும், அபராதம் வாங்கத் தெரியும். அதே நம்பருக்கு, உன் ஸ்டியரிங் கழண்டுடும், வண்டியை நிறுத்துன்னு ஒரு மெசேஜ் அனுப்ப என்ன தடை?

மீனா மேடம், ஜாப் கார்டுல "ஜெனரல் செக்கப்"னுதான் போட்டிருக்காங்க. கேம்பெய்ன்னு எழுதலை. பழைய பார்ட்டையும் தரலை.

அல்சூர் மீனா:
திரும்பப் போய் கேம்பெய்ன் நம்பரோடு ஜாப் கார்டு கேளுங்கள். தர மறுத்தால் ஈமெயிலில் கேளுங்கள், பதில் வராததும் சாட்சிதான். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: பழைய பார்ட்டை வண்டி விடும்போதே எழுதிக் கேட்டு வாங்குங்கள். ரீகாலில் அவர்களே எடுத்துக்கொள்வோம் என்றால் போட்டோ எடுத்து வையுங்கள்.

பீன்யா செல்வம்:
போட்டோ என்கிட்ட இருக்கு மேடம், பூட் கழட்டினப்போ எடுத்தது. குமரா, வாட்ஸப்ல அனுப்பறேன்.

மூணு வண்டி முருகேசன்:
என் மூணு வண்டில ஒண்ணு செகண்ட் ஹேண்ட். அதோட சேஸிஸ் நம்பரை எடுத்துட்டு நாளைக்குக் காலைல சர்வீஸுக்குப் போறேன். எஃப்சியை நிறுத்துற பேச்சுக்கு மட்டும் நான் எதிர்தான், அதுல மாற்றமில்லை.