செகண்ட் ஹேண்ட் நைட்ரோ கார் ஸ்டார்ட் ஆகவில்லை, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். பையனோடு சேர்ந்து ஓட்டலாம் என்று போன வாரம் பழைய நைட்ரோ ரிமோட் கார் (மெத்தனால் கலந்த எரிபொருளில் ஓடும் குட்டி இன்ஜின் கார்) ஒன்று வாங்கினேன். 2.5 சிசி இன்ஜின், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் வகை. நான்கு வருடம் பரணில் கிடந்ததாம். கூடவே பாதி கேன் எரிபொருளும் கொடுத்தார்கள். அதையே ஊற்றி இழுத்தேன். இரண்டு முறை ‘பட் பட்’ என்றது, அதோடு சரி. இப்போது கயிறு பாதியிலேயே கல் மாதிரி நிற்கிறது. கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசிகளையும் கொஞ்சம் திருகிவிட்டேன். இன்ஜின் போய்விட்டதா? பையன் தினமும் கேட்கிறான்.

பதில்:
தம்பி, முதலில் கயிற்றை விடுங்கள். உள்ளே எரிபொருள் நிறைந்திருக்கும். திரவம் அமுங்காது, பலமாக இழுத்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். இன்ஜின் தலையில் இருக்கும் குளோ பிளக்கை (எரிபொருளைப் பற்றவைக்கும் கம்பிச்சுருள் பிளக்) கழற்றி, காரைக் கவிழ்த்துப் பிடித்து, ஓட்டைக்கு மேல் துணி போட்டு மெதுவாக நாலு முறை இழுங்கள். பிறகு பிளக்கை இக்னைட்டரில் (அதைச் சூடாக்கும் சின்ன பேட்டரிக் கருவி) மாட்டிப் பாருங்கள். கம்பிச்சுருள் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் எரிய வேண்டும். மங்கலான சிவப்பு என்றால் இக்னைட்டரை சார்ஜ் போட்டுப் பாருங்கள், அப்படியும் மங்கினால் பிளக்கை மாற்றுங்கள்.

அந்தப் பழைய கேனை மறந்துவிடுங்கள். எரிபொருளில் இருக்கும் மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், திறந்த கேன் நான்கு வருடம் தாங்காது. புதிதாக வாங்குங்கள். அது விஷம், பையன் கையில் கொடுக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. துணி முழுக்க நனைந்துவிட்டது! பிளக் நன்றாக எரிகிறது. புது எரிபொருளும் வாங்கிவிட்டேன். ஆனால் பிளக் இல்லாமல் ஃப்ளைவீலை (இன்ஜினோடு சுழலும் சக்கரம்) சுற்றினாலும் மேலே ஒரு இடத்தில் இறுகுகிறது.

பதில்:
அது நல்ல அறிகுறி. இந்த இன்ஜின்களில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது, சிலிண்டரே மேலே போகப் போகக் குறுகும். அந்த இறுக்கம்தான் கம்ப்ரஷன் (உள்ளே கலவை அமுங்குவது) கசியாமல் காக்கிறது. பழைய எண்ணெய் பசைபோல் காய்ந்திருந்தாலும் இறுகும், அதனால் ஹேர் டிரையரால் இன்ஜினைச் சூடாக்கிவிட்டு இழுங்கள். நீளமாக வேண்டாம், ஒரு அடிக்குள் வெடுக்கென்று.

ஊசி விஷயம்: மெல்ல உள்ளே மூடி, எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். அந்த மாடலின் கையேட்டில் சொன்ன அளவுக்குத் திரும்ப வையுங்கள். ஸ்டார்ட் ஆகும்வரை ஊசியைத் தொடாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை வராது.

கேட்டவர்:
ஓடியது அண்ணா! ஆனால் மூன்று விநாடிதான். இக்னைட்டர் மாட்டியிருக்கும்போதே நின்றுவிடுகிறது. சைலென்சர் வாயை விரலால் ஒரு விநாடி மூடினால் மறுபடி மூன்று விநாடி.

பதில் (வேறொருவர்):
கார்புரேட்டருக்குப் போகும் ட்யூபைக் கவனியுங்கள். எரிபொருள் வந்துவிட்டு டேங்குக்கே திரும்புகிறதா? சைலென்சரிலிருந்து டேங்குக்கு வரும் புகை அழுத்தம்தான் எரிபொருளைத் தள்ளுகிறது. அந்தச் சின்ன சிலிகான் ட்யூபிலோ டேங்க் மூடி ரப்பரிலோ கசிவு இருக்கும். எரிபொருளைக் காலி செய்து டேங்கைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத்து வாயை அடைத்து, தண்ணீரில் முக்கி, ட்யூபோடு ஒரு ஊசிக்குழலை இணைத்துக் காற்றைத் தள்ளுங்கள். குமிழி இடத்தைக் காட்டிவிடும். வாயால் ஊத வேண்டாம்.

கேட்டவர்:
கிடைத்துவிட்டது. சைலென்சர் முனையில் மாட்டும் இடத்தில், கிளிப்புக்கு அடியில், நெல்மணி அளவுக்கு ட்யூப் பிளந்திருந்தது. வெளியிலிருந்து தெரியவே இல்லை. மாற்றிவிட்டு இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது, இக்னைட்டரை எடுத்த பிறகும் நிற்கவில்லை. மொட்டைமாடியில் ஒரு டேங்க் முழுக்க ஓட்டினோம். பையன் இன்னும் கீழே இறங்கி வரவில்லை. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

பதில்:
மகிழ்ச்சி தம்பி. இன்று நிறுத்தும்போது டேங்கைக் காலி செய்து, மிச்சத்தை ஓட விட்டே தீர்த்துவிடுங்கள். இன்ஜின் ஆறியதும் பிளக் ஓட்டையில் ஆஃப்டர் ரன் ஆயில் (ஓட்டி முடித்ததும் துருப்பிடிக்காமல் இருக்க விடும் எண்ணெய்) நாலு சொட்டு விட்டுச் சுற்றி வையுங்கள்.