வில்லாண்ட்ரி தோட்டம்: மீட்டதா, புதிதாகப் போட்டதா?

மண்வெட்டி:
பிரான்ஸில் லுவார் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் எல்லாம் வில்லாண்ட்ரி அரண்மனைத் தோட்டத்தைப் படம் எடுத்து, "16ஆம் நூற்றாண்டுத் தோட்டம், அப்படியே வைத்திருக்கிறார்கள்" என்று போடுகிறார்கள். அப்படியே இல்லை. அரண்மனை பழசுதான், பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவின் அமைச்சர் ழான் லெ ப்ரெத்தோன் 1536 வாக்கில் கட்டி முடித்தது. தோட்டம் வேறு கதை. 1906இல் இடத்தை வாங்கிய ஸ்பெயின்காரர் கர்வாலோ, அங்கே இருந்த 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பாணிப் பூங்காவை எடுத்துவிட்டுப் போட்டது. இதை 'மீட்பு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கீரைக்கட்டு:
அந்த ஆங்கிலப் பூங்கா மட்டும் வெறும் பொட்டலிலா முளைத்தது? அதுவும் முன்பு இருந்ததை அழித்துவிட்டு வந்ததுதானே. கர்வாலோ ஆய்வகத்தில் வேலை பார்த்த ஆள், மனம் போன போக்கில் பாத்தி கட்டவில்லை. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் து செர்சோ செதுக்கிய அரண்மனைத் தோட்டப் படங்களை வைத்துக்கொண்டுதான் வேலையில் இறங்கினார்.

மண்வெட்டி:
து செர்சோவின் அந்தப் படத் தொகுப்பில் ஷெனோன்சோ அரண்மனை இருக்கிறது, அம்புவாஸ் அரண்மனை இருக்கிறது, வில்லாண்ட்ரி இல்லையே! பக்கத்து வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பார்த்து நம் தாத்தா முகத்தை வரைந்த மாதிரி.

கீரைக்கட்டு:
சரி, அது நல்ல அடி. ஆனால் அந்தக் காய்கறித் தோட்டத்தைப் பாருங்கள். ஒரே அளவில் ஒன்பது சதுரம், ஒவ்வொன்றிலும் வேறு கோலம், ஓரத்தில் முழங்கால் உயரம்கூட வராத பாக்ஸ்வுட் செடி வேலி, உள்ளே ஊதா முட்டைக்கோஸ் ஒரு கட்டம், நீலப்பச்சையில் லீக் என்ற வெங்காய இனச் செடி இன்னொரு கட்டம். வருஷத்துக்கு இரண்டு நடவு, ஒரே இடத்தில் ஒரே இனம் தொடர்ந்து வராமல் சுழற்சி. விவசாயம் தெரிந்தவருக்குப் புரியும், பொம்மைத் தோட்டத்துக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

மண்வெட்டி:
உழைப்பைக் குறை சொல்லவில்லையே நான். நெதர்லாந்தின் ஹெட் லோ அரண்மனையில் 17ஆம் நூற்றாண்டு மன்னர் மூன்றாம் வில்லியம் காலத்துத் தோட்டம் மண்ணுக்கடியில் கிடந்தது. தோண்டிப் பார்த்து, பழைய படங்களோடு ஒப்பிட்டு, 1984இல் திறந்தார்கள். அது மீட்பு. வில்லாண்ட்ரி ஒருவருடைய கற்பனை, நூறு வருஷமாக நன்றாக நிற்கிறது, அவ்வளவுதான்.

திண்ணைவாசி:
ஹெட் லோவிலும் மேலே இருந்த 19ஆம் நூற்றாண்டுப் பூங்காவை வெட்டித்தானே கீழே போனார்கள்? அப்புறம் கர்வாலோவை மட்டும் ஏன் வறுக்கிறீர்கள்? எனக்குக் கேள்வி ஒன்றுதான்: வாசலில் இருக்கும் பலகையில் 1906 என்று எழுதியிருக்கிறதா, இல்லையா?