ஆர்பிட்டல் பழுப்பு ஆல்பம்: குரல் லெஃப்ட் ரைட்ல விலகிப் போகுது, அப்புறம் ரெக்கார்ட் கீறல் சத்தம், சிடி போச்சா?

பிளாக்காபி:
வணக்கம் எல்லாருக்கும், கொஞ்சம் அவசரம். பழைய சிடி விக்கிற கடையில ஆர்பிட்டல்ங்கிற எலக்ட்ரானிக் குழுவோட முதல் ரெண்டு ஆல்பமும் சேர்த்து வாங்கினேன், 1991ல வந்த பச்சை அட்டை, 1993ல வந்த பழுப்பு அட்டை. பச்சை அருமையா ஓடுது. பழுப்பப் போட்டா பச்சையோட ஆரம்பத்துல வர்ற அதே ஆள் குரல்தான் வருது, டைம் லூப்னு ஏதோ சொல்லுவாரே அதேதான், ஒரே வரி திரும்பத் திரும்ப, போகப்போக லெஃப்ட்ல ஒண்ணும் ரைட்ல ஒண்ணுமா விலகி குழம்பிடுது. சரி ரெண்டாவது பாட்டுக்குப் போவோம்னா ஊசி மாட்டிக்கிட்ட ரெக்கார்ட் மாதிரி கரகரன்னு சத்தம், சிடில எப்படிங்க அது வரும்? அட்டை மாத்தி வேற டிஸ்க் வெச்சிட்டாங்களா, இல்ல டிஸ்க்கே போச்சா, இல்ல என் ஹெட்ஃபோன் ஒயரா? ஞாயித்துக்கிழமைக்குள்ள கொண்டுபோனாத்தான் கடையில திருப்பி எடுத்துப்பாங்க.

ரேடியோபெட்டி:
திருப்பிக் குடுத்துடாதீங்க ப்ரோ!! டிஸ்க் நல்லா இருக்கு, நீங்க சொன்ன மூணுமே அவங்க வேணும்னே வெச்சது. ஃபில், பால் ஹார்ட்னால்னு கென்ட் பக்கம் செவனோக்ஸ்ல இருந்து வந்த அண்ணன் தம்பி, லண்டனைச் சுத்திப் போற எம்25 ரோட்டை வெச்சுத்தான் அந்தப் பேரே. ரெண்டாவது ஆல்பத்தை வாங்கிப் போடுறவன் ஐயோ பழைய ஆல்பத்தையே மாத்தி அச்சடிச்சிட்டாங்களேன்னு பதறணும்னுதான் அதே குரல்லயே ஆரம்பிச்சாங்க. ஸ்டார் ட்ரெக் டிவி சீரியல்ல வோர்ஃபா நடிச்ச மைக்கேல் டோர்ன் குரல் அது. ஒரே வரிய ரெண்டு லூப்பா ஓட விட்டு கொஞ்சம் கொஞ்சமா விலக விடுறது அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1960கள்லயே டேப் வெச்சு செஞ்ச வித்தை. ரெண்டாவது பாட்டு பிளானட் ஆஃப் தி ஷேப்ஸ் ஆரம்பத்துல வர்ற கரகரப்பும் பாட்டோட சேர்த்தே பதிவு பண்ணினது. கடைசி பாட்டு இன்புட் அவுட்லயும் குரல் இப்படித்தான் விளையாடும், இப்பவே சொல்லிட்டேன், அங்க போய் மறுபடி பயந்துடாதீங்க.

மழைக்குருவி:
அவர் சொல்றது சரி, ஆனா சும்மா நம்ப வேணாம், நீங்களே செக் பண்ணிடலாம். ஒயர் லூஸா இருந்தா ஒரு பக்கம் சத்தம் குறையும் இல்ல விட்டு விட்டு வரும், ஒரு பக்கம் மட்டும் பின்தங்கிப் போகவே போகாது, அதனால ஹெட்ஃபோன் மேல சந்தேகம் வேண்டாம். டிஸ்க்குக்கு, சிடிய கம்ப்யூட்டர்ல ஃபைலா எடுக்கிற (அதான் ரிப்) இஏசிங்கிற சாஃப்ட்வேர்ல, மத்தவங்க எடுத்ததோட ஒப்பிட்டுப் பாக்கிற அக்யூரேட்ரிப்பை ஆன் பண்ணி ரிப் பண்ணுங்க, அதே டிஸ்க்க ரிப் பண்ண மத்தவங்களோட செக்சம்மும் (ஃபைல்ல இருக்கிறதை வெச்சுக் கணக்குப் போட்ட சரிபார்ப்பு எண்) உங்களோடதும் ஒத்துப்போச்சுன்னா எல்லாருக்கும் அந்தக் கரகரப்பு இருக்குன்னு அர்த்தம். உண்மையான கீறல்னா ரிப் பண்ணும்போதே எரர் காட்டும்.

பிளாக்காபி:
ரிப் பண்ணிட்டேன், பத்து டிராக்கும் அக்யூரேட்னு வந்துச்சு, உயிரே வந்துச்சு 🙏 ஆனா இப்ப ஃபோன்ல புதுப் பிரச்சனை, ரெண்டு ஆல்பமும் ஒண்ணாக் கலந்து ஒரே ஆல்பமா நிக்குது, அதோட பழுப்புல லஷ் 3-1ங்கிற டிராக் முடிஞ்சு லஷ் 3-2 வர்ற இடத்துல கண் சிமிட்டுற நேரம் சத்தம் அறுந்துபோகுது. எம்பி3லதான் ரிப் பண்ணேன்.

மழைக்குருவி:
கலக்குறதுக்குக் காரணம் ரெண்டு ஆல்பத்துக்கும் தனிப் பேரே கிடையாது, ஃபைலுக்குள்ள ஆல்பம் பேர் எழுதியிருக்கிற டேக்ல ரெண்டுக்குமே ஆர்பிட்டல்னு மட்டும்தான் இருக்கும், பிளேயர் பேரை மட்டும் பாத்து ஒண்ணாச் சேர்த்துடும், முதல் டிராக் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும். ஆல்பம் டேக்ல ஒண்ணுக்குப் பச்சை இன்னொண்ணுக்குப் பழுப்புன்னு போடுங்க, ரசிகர்களே அப்படித்தான் சொல்றாங்க. அறுந்துபோறது எம்பி3யோட வேலை, அது ஃபைலோட முன்னாடியும் பின்னாடியும் கொஞ்சம் சத்தமே இல்லாத இடைவெளியைச் சேர்த்துடும், எவ்வளவு வெட்டணும்னு எம்பி3 ஆக்குற லேம்ங்கிற சாஃப்ட்வேர் குறிச்சு வெக்கும் ஆனா எல்லா பிளேயரும் அதைப் படிக்காது. பேசாம தரம் குறையாத ஃபிளாக் ஃபைலா ரிப் பண்ணிட்டு, பாட்டுக்கு நடுவுல இடைவெளி விடாத கேப்லெஸ் வசதி இருக்கிற பிளேயர்ல போடுங்க. ஒரு பாட்டு அடங்கும்போதே அடுத்ததை ஏத்துற கிராஸ்ஃபேட் மட்டும் ஆன் பண்ணாதீங்க, ரெண்டு பாட்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி பீட் கெட்டுடும்.

ரேடியோபெட்டி:
இந்த ஆல்பத்தை ஷஃபிள்லயும் போடாதீங்க, தயவுசெஞ்சு. லஷ் ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு பாட்டு, நடுவுல அறுத்தா அந்த ஏத்தமே போயிடும். ஒன்பதாவது ஹால்சியன் + ஆன் + ஆன் வரும்போது அது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சு கேளுங்க. ஹால்சியன்ங்கிறது தூக்க மாத்திரை, அவங்க அம்மா வருஷக்கணக்கா அதுக்கு அடிமையாக் கிடந்தாங்க, அவங்களுக்காகப் போட்ட பாட்டு. அதுல வர்ற பெண் குரல் ஓபஸ் 3ங்கிற குழுவுல பாடின கிர்ஸ்டி ஹாக்ஷாவோடது, திருப்பிப் போட்டிருக்காங்க, வார்த்தை புரியலன்னு அதுக்கும் டிஸ்க்க சந்தேகப்படாதீங்க. எனக்கு 90கள்ல வந்த எலக்ட்ரானிக்ல இதுக்கு மேல ஒரு பாட்டு இல்ல.

பிளாக்காபி:
ஃபிளாக் ஓகே, லஷ் இப்ப அறுபடாம போகுது. டேக்கும் மாத்திட்டேன், ஆனா ஃபோன் பழைய அட்டைப் படத்தையே ரெண்டுக்கும் காட்டுது.

மழைக்குருவி:
பிளேயரோட கேஷை (அது சேமிச்சு வெச்சிருக்கிற பழைய தகவல்) அழிச்சிட்டு லைப்ரரிய மறுபடி ஸ்கேன் குடுங்க, வந்துடும்.